லேப் கவுண்டரில் ரெண்டு பக்கமும் ‘மரியாதை இல்லை’ன்னு புகார் – தப்பு எங்கே?

எல்லைலேப்:

வணக்கங்க. சித்தூர் பக்கம், எல்லையை ஒட்டி ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேப், அதோட ஒட்டின மருந்துக் கடை. கவுண்டர்ல நாலு பேர், நாலு பேருக்கும் தமிழ்தான். வர்றவங்கள்ல பாதி நம்மாளுங்க, பாதி அந்தப் பாஷை பேசறவங்க. பாஷை சுத்தமாப் புரியாம ஒண்ணும் இல்லைங்க, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துப் பாஷைதானே. ஆனா புகார் நிக்கறதே இல்லை.

அவங்க சொல்றது: “உங்க ஆளுங்க அதட்டறாங்க.” எங்க பொண்ணுங்க சொல்றது: “வர்றவங்க வேலைக்காரி மாதிரி அதிகாரம் பண்றாங்க.” கேமரால போட்டுப் பார்த்தா யாரும் கத்தலை, யாரும் திட்டலை. மூணாவது தலைவலி, வெறும் வயித்துல சர்க்கரை பார்க்க வரச் சொன்னா பத்துக்கு மூணு பேர் எதையாவது தின்னுட்டு வர்றாங்க. “சொன்னமே, தலையாட்டினாங்களே”ங்கறாங்க நம்ம பொண்ணுங்க.

பயிற்சின்னு யாரையாவது கூப்பிட்டா ‘சிரிச்சுப் பேசுங்க’ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அது வேண்டாம். கவுண்டர்ல என்ன மாத்தணும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நகரிக்காரன்:

சித்தூர்னா நம்ம பக்கம் ஆச்சே! நகரி, புத்தூர், திருத்தணின்னு சுத்துவட்டாரம் பூரா இதே கதைதான். தெரியாத வார்த்தையால சண்டை வராது சார். தெரியாட்டி “என்ன?”ன்னு திருப்பிக் கேட்போம். தெரிஞ்ச மாதிரியே இருக்கற வார்த்தைதான் ஆளைக் கவுக்கும்.

முதல்ல ‘அவசரம்’. நமக்கு அது உடனே. தெலுங்குல அதே வார்த்தைக்கு ‘தேவை’ன்னு அர்த்தம். உங்க பொண்ணு “இந்த டெஸ்ட் அவசரம் இல்லீங்க, அடுத்த வாரம் எடுத்துக்கலாம்”னு சொல்றா. அவர் காதுல ‘அவசரம் லேது’ன்னு விழுது, அதாவது ‘இந்த டெஸ்ட்டே தேவையில்லை’. முன்பாதி கேட்டதுமே அவர் மனசு முடிவு பண்ணிடும், பின்பாதி காத்தோட போயிடும். அடுத்த வாரம் வரமாட்டார். நீங்க ‘சொல்லியும் வரலை, அலட்சியம்’னு எழுதி வைப்பீங்க.

அடுத்தது ‘எந்த’. நமக்கு ‘எது’. தெலுங்குல ‘எந்த’ன்னா ‘எவ்வளவு’. “எந்த டெஸ்ட்?”னு நீங்க கேட்டா அவருக்கு ‘டெஸ்ட்டுக்கு எவ்வளவு’ன்னு எதுவோ காசு விஷயமாப் படும். அவர் “எந்த?”ன்னு கேட்டா உங்க பொண்ணு ‘சுகர் டெஸ்ட்’னு பதில் சொல்வா. ரெண்டு தடவை இப்படி ஆனா மூணாவது தடவை குரல் தானா ஏறும்.

மரியாதை விஷயம் இதைவிட வேடிக்கை. தெலுங்குல மரியாதை விகுதியே ‘அண்டி’. ‘செப்பண்டி’ன்னா ‘சொல்லுங்க’. ஆனா தமிழ்க் காதுல கடைசியில விழறது ‘டி’. ஒரு பொம்பளைப் பிள்ளைகிட்ட ஒருத்தர் ரொம்பப் பணிவாப் பேசறார், அவளுக்கோ வாடி போடின்னு கூப்பிட்ட மாதிரி சுருக்குங்குது.

‘தொந்தரகா’ன்னா சீக்கிரமா. “தொந்தரகா இவ்வண்டி”ன்னா சீக்கிரம் குடுங்க. ‘என்னைத் தொந்தரவுங்கறான்’னு எடுத்துக்கக் கூடாது. ‘மந்து’ன்னா மருந்தும்தான், சாராயமும்தான். ‘மந்து தாகேரா’ன்னு, அதாவது மந்து குடிச்சீங்களான்னு யாராவது கேட்டா, எந்த ‘மந்து’ன்னு ஆளையும் இடத்தையும் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

எல்லைலேப்:

அண்ணா, மன்னிக்கணுங்க, நான் சொன்னது பாலக்காட்டுச் சித்தூர். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம். அந்தப் பாஷைன்னது மலையாளம். ஊர் பேரை மட்டும் போட்டா எல்லாருக்கும் புரிஞ்சுடும்னு நினைச்சேன்.

நகரிக்காரன்:

அடப் பாவமே. முழுசா ஒரு பக்கம் தெலுங்கு எழுதிட்டேன். இருக்கட்டும், எங்க பக்கத்துக்காரங்க யாராவது படிப்பாங்க. அந்த ‘அவசரம்’ இருக்கே, மலையாளத்துல அதுக்கு ‘வாய்ப்பு’ன்னு மூணாவது அர்த்தம். அதையும் குறிச்சுக்குங்க.

மொழிவாத்தி:

கேள்வியில் உள்ள ‘அதிகாரம் பண்றாங்க’ என்ற புகாரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு நேரடியான இலக்கணக் காரணம் இருக்கிறது.

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. வந்தான், வந்தார், வந்தாங்க. மலையாளத்தில் அந்த வால் கிடையாது. யார் வந்தாலும் ‘வந்நு’தான், குழந்தை வந்தாலும், கலெக்டர் வந்தாலும். கொங்குத் தமிழிலோ ‘இல்லீங்க’, ‘சரிங்க’, ‘ஆமாங்க’ என்று ஒட்டாத இடத்தில்கூட ‘ங்க’ ஒட்டும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் காது ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அந்த ‘ங்க’வுக்குக் காத்திருக்கிறது. அது வராதபோது, ‘இவர் மொழியில் அது இல்லை’ என்று அவள் நினைப்பதில்லை. ‘இவர் எனக்குத் தரவில்லை’ என்று நினைக்கிறாள்.

மலையாளி மரியாதையை வேறு இடத்தில் வைக்கிறார். சேட்டா, சேச்சி, சார் என்ற விளியில். ‘இருந்நோளூ’, ‘வந்நோளூ’ என்ற இளக்கத்தில். முக்கியமாக ‘தராமோ’ என்ற வடிவத்தில். ‘ரிப்போர்ட் ஒன்னு தராமோ?’ என்றால் ‘கொஞ்சம் தர முடியுமா’ என்ற பணிவான வேண்டுகோள். தமிழ்க் காதுக்கு அது ‘தரலாமா’ என்று, யார் யாருக்குத் தருவது என்பதே தெரியாமல் குழம்பி விழும். பணிவு தொலைந்துபோகும். ‘ரிப்போர்ட்’ என்ற பெயர்ச்சொல் மட்டும் மிஞ்சும்.

எதிர்த்திசையிலும் இதே கதை. உங்கள் ஊழியர் ‘கொஞ்சம் இருங்க’ என்றால் காத்திருங்கள் என்று பொருள். மலையாளத்தில் ‘இரிக்கூ’ என்றால் உட்காருங்கள். எனவே அவர் போய் உட்கார்ந்துவிடுவார். பத்து விநாடியில் இவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ‘உட்காரச் சொல்லிவிட்டு உடனே விரட்டுகிறாள்’ என்று அவருக்குப் படும். அவர் ‘ஒன்னு நில்க்கூ’ என்றால் ‘ஒரு நிமிஷம் பொறுங்கள்’. இவளுக்கு அது ‘நில்லு!’

இன்னொன்று பரிசோதனைக் கூடத்துக்கே உரியது. தமிழில் ‘கேட்டேன்’ என்பதற்கு இரண்டு பொருள்: காதால் கேட்டது, வாயால் வினவியது. மலையாளத்தில் ‘கேட்டு’ என்றால் காதால் கேட்டது மட்டும். வினவுவதற்கு ‘சோதிச்சு’. அந்தச் ‘சோதிச்சு’ தமிழ்க் காதுக்குப் ‘பரிசோதித்து’. ‘டாக்டர் சோதிச்சு’ என்று நோயாளி சொன்னால் டாக்டர் ஏதோ விசாரித்தார் என்று பொருள். உங்கள் ஊழியர் ‘ஏற்கெனவே டெஸ்ட் பண்ணியாச்சு’ என்று எழுதிக்கொண்டால் அடுத்த அரைமணி நேரம் பழைய ரிப்போர்ட்டைத் தேடும் வேலைதான்.

எனவே ஒரு வழி. இரண்டு மொழிக்கும் பொதுவாகத் தோன்றும் சொற்களைக் கவுண்டரில் தவிர்த்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதாக இருந்தாலும் குழப்பமில்லாத சொல்லை எடுங்கள். ‘இருங்க’ வேண்டாம், ‘அஞ்சு நிமிஷம் ஆகும், உட்காருங்க’ என்று கையால் நாற்காலியையும் காட்டுங்கள். ‘டாக்டர் கேட்டாரா?’ வேண்டாம், ‘டாக்டர் சீட்டு எழுதியிருக்காரா?’ என்று பொருளைக் கேளுங்கள்.

ஒரு திருத்தம். சித்தூர்த் தாலுக்காவில் பிறந்து வளர்ந்த மலையாளிகளுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும், அவர்களிடம் இந்தச் சிக்கல் குறைவு. ஒற்றப்பாலம், திருச்சூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கும் கல்யாணத்துக்கும் வந்தவர்களிடம்தான் அதிகம். புகார் யாரிடமிருந்து வருகிறது என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

பேச்சுவாக்கு:

இதெல்லாம் சரிதான். ஆனால் பேச்சுத் தொடர்பில் வார்த்தைக்கு வெறும் 7 சதவீதம்தான் பங்கு, 93 சதவீதம் குரலும் உடல்மொழியும் என்று ஆராய்ச்சியே இருக்கிறது. ஊழியர்களை ஒருநாள் உடல்மொழி வகுப்புக்கு அனுப்புங்கள், போதும்.

மாத்திரைப்பெட்டி:

அந்த 93-ஐ நம்பி மருந்துக் கடை நடத்த முடியாது. சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்ற கணக்கு உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் பதிவுசெய்து, முகப் படங்களோடு காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று கேட்டார்கள். சொல்லும் குரலும் முரண்படும்போது ‘விருப்பு வெறுப்பை’ எதிலிருந்து எடுக்கிறோம் என்பது அவ்வளவுதான். ‘மாத்திரை எத்தனை மணிக்கு’ என்பதை 55 சதவீதம் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

இங்கே வார்த்தைதான் ஆளைக் கொல்லும். எல்லையில் மருந்து கொடுப்பவர் சுவரில் ஒட்டி வைக்க வேண்டியவை:

‘ராவிலெ’. மலையாளத்தில் காலையில். நம் கிராமத்துத் தமிழில் ‘ராவுல’ என்றால் ராத்திரியில். இதைவிட ஆபத்தான சொல் எனக்குத் தெரிந்து இந்த எல்லையில் இல்லை. ‘ராவிலெ ஒரு குளிக’ என்று எழுதிய சீட்டை வாசித்துக் காட்டினால், புதிதாக வந்த தமிழ் ஆள் ராத்திரி மாத்திரை என்று கவரில் குறிப்பார். சர்க்கரை மாத்திரை, தைராய்டு மாத்திரை விஷயத்தில் யோசித்துப் பாருங்கள்.

‘கழிக்கணம்’. மலையாளத்தில் சாப்பிட வேண்டும். தமிழில் கழிப்பது என்றால் நீக்குவது, அதைவிட மோசமானது. ‘பட்சணம் கழிச்சோ?’ என்பது ‘சாப்பிட்டீர்களா’ என்ற சாதாரண விசாரிப்பு. சிரிக்காதீர்கள், சிரித்தால் அது தனிப் புகார்.

‘வலிக்குமோ?’ தமிழில் ‘வலிக்குமா’ என்றால் நோகுமா. மலையாளத்தில் ‘வலிக்குமோ’ என்றால் பீடி சிகரெட் பிடிப்பீர்களா. அவர்களுக்கு நோவு என்றால் ‘வேதன’. ஊசி குத்திக்கொண்டே உங்கள் ஆள் ‘வலிக்குதா’ என்று கேட்க, அவர் ‘இல்ல’ என்று சொன்னால் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று உறுதியில்லை. குத்தின இடத்தைத் தொட்டுக் காட்டி ‘இங்கே வேதனை உண்டோ’ என்று கேளுங்கள். தமிழில் வேதனை மனசுக்கு, அவர்களுக்கு உடம்புக்கு. நாம்தான் கொஞ்சம் வளைய வேண்டும்.

‘சும’ என்றால் இருமல். ‘சுமயாணு’ என்பவர் சும்மா வரவில்லை. ‘பனி’ என்றால் காய்ச்சல். நம்முடைய ‘சளி’ அவர்களுக்குச் ‘செளி’, அதாவது சேறு. ‘கபம்’ என்று கேளுங்கள்.

‘மருந்து குடிச்சுட்டார்’. நம் ஊரில் இதற்குப் பூச்சிமருந்து என்றுதான் முதல் அர்த்தம். மலையாளி ‘மருந்நு குடிச்சு’ என்றால் இருமல் டானிக் குடித்தார், அவ்வளவே. ஒரு தமிழ் ஊழியர் இதைக் கேட்டுப் பதறிக் குரல் உயர்த்தினால், எதற்கு இவள் கத்துகிறாள் என்று அவருக்குப் புரியாது. கேமராவில் இதுதான் தெரியும்.

இனி வெறும் வயிறு. இது மொழிப் பிரச்சினையே இல்லை. ‘சாப்பிடாம வாங்க’ என்கிறீர்கள். சாப்பாடு என்றால் நம் ஜனங்களுக்கு இட்லி, சோறு. டீயும் ரெண்டு பிஸ்கட்டும் சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. எனவே அவர்கள் பொய் சொல்லவில்லை, உங்கள் சொல்படிதான் வந்திருக்கிறார்கள். சிலர் எதிர்ப்பக்கம் போய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவார்கள், அப்புறம் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்துவீர்கள்.

சொல்ல வேண்டியது இது: “ராத்திரி 9 மணிக்குச் சாப்பாட்டை முடிங்க. அதுக்கப்புறம் டீ, காபி, பால், பிஸ்கட் எதுவும் கூடாது. பச்சைத் தண்ணி எவ்வளவு வேணும்னாலும் குடிங்க. காலை 7 மணிக்கு வாங்க.” குறைந்தது 8 மணி நேர இடைவெளி வேண்டும், இதில் 10 வந்துவிடும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் போடுபவர் என்றால் காலை டோஸைப் பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள், நீங்களாக முடிவு சொல்லாதீர்கள். சாப்பிட்ட பின் எடுக்கும் சாம்பிளுக்கு 2 மணி நேரம் எண்ண வேண்டியது முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து. கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுபவர்கள்தான் அதிகம். ‘முதல் வாய் எத்தனை மணிக்கு?’ என்று கேட்டுச் சீட்டில் குறித்துவிடுங்கள்.

கடைசியாக, ‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதை இன்றே நிறுத்துங்கள். அதற்கு ‘ம்’ என்பதைத் தவிர யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், தலையாட்டலுக்கு நம் பக்கம் நாலு அர்த்தம். பதிலாக, “நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும், இன்னிக்கு ராத்திரி என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க” என்று கேளுங்கள். தப்பு சொன்னால் ‘அப்படி இல்லீங்க’ என்று ஆரம்பிக்காமல், வேறு வார்த்தையில் முதலிலிருந்து சொல்லுங்கள். ஆளுக்கு 30 விநாடி கூடும். மறுநாள் திருப்பி அனுப்பும் நேரத்தோடு ஒப்பிட்டால் லாபம்தான்.

ஊழியர்கள் ‘சொன்னேனே’ என்று சாதிப்பதற்கும் காரணம் உண்டு. 1990-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேர் கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. தட்டுபவர் மண்டைக்குள் பாட்டு முழுசாக ஓடுகிறது, எதிராளிக்குக் கேட்பது டொக் டொக் மட்டும். ஒரு நாளைக்கு அறுபது தடவை அதே குறிப்பைச் சொல்லும் பெண்ணுக்கும் இதே கதி.

மொழிவாத்தி:

மாத்திரைப்பெட்டி சொன்ன மெஹ்ராபியன் திருத்தம் சரி. ஆனால் குரலை முழுக்க ஒதுக்கிவிட வேண்டாம். ‘அதட்டறாங்க’ என்ற புகார் அங்கேதான் இருக்கிறது.

1970களில் பிரிட்டனின் ஒரு பெரிய விமான நிலைய உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார்கள். முரட்டுத்தனமாகப் பேசுகிறார்கள் என்று அவர்கள் மேல் புகார். மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் போய்ப் பார்த்தபோது கண்டது ஒரே ஒரு சொல்: ‘கிரேவி’. ஆங்கிலேயப் பெண்கள் அதைச் சொல்லும்போது முடிவில் குரலை ஏற்றுவார்கள், அது ‘ஊற்றட்டுமா?’ என்ற கேள்வி. நம் பக்கத்துப் பெண்கள் இறக்கி முடித்தார்கள். ஆங்கிலக் காதுக்கு அது ‘இது கிரேவி, வேண்டுமென்றால் எடு’. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியபோது இரண்டு தரப்புக்குமே எங்கே இடறியது என்று தெரிந்தது. அந்தப் பெண்களுக்கும், மேலதிகாரிகள் ஏன் முகம் சுளித்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

உங்கள் கவுண்டரின் ‘கிரேவி’ எது? பெரும்பாலும் “பேரு. வயசு. போன் நம்பர்.” மூன்றும் இறங்கி முடியும். போலீஸ் ஸ்டேஷன் மாதிரி. “உங்க பேரு சொல்லுங்க” என்று வினையோடு முழுமையாக்கினால் ஏற்ற இறக்கம் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வாக்கியமே மரியாதையைச் சுமந்துகொள்ளும்.

இடத்தையும் பாருங்கள். கண்ணாடித் தடுப்பில் பேசும் ஓட்டை உட்கார்ந்திருப்பவரின் வாய் உயரத்துக்கு இருந்தால், நிற்கும் நோயாளி குனிந்து கேட்க வேண்டும். சரியாகக் கேட்காதபோது உள்ளே இருப்பவர் சத்தத்தைக் கூட்டுவார். சத்தம் கூடினால் அது விளக்கமாகப் படாது, அதட்டலாகத்தான் படும். முகக்கவசம் வேறு உதட்டை மறைக்கிறது. நாம் பாதியைக் கண்ணால்தான் கேட்கிறோம்: உதட்டில் ஒரு ஒலியும் காதில் வேறொரு ஒலியும் கொடுத்தால் மூன்றாவதாக ஒன்று கேட்கும் என்று மெக்கர்க், மெக்டொனால்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976-லேயே காட்டிவிட்டார்கள். பேசும் ஓட்டையை நிற்பவரின் முக உயரத்துக்கு மாற்றுங்கள், கம்ப்யூட்டர் திரையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். முதல் கேள்வியையாவது திரையைப் பார்க்காமல் கேட்கட்டும்.

புகார்ப் புத்தகத்தையும் மாற்றுங்கள். ‘திமிராகப் பேசினார்’ என்று எழுத அனுமதிக்காதீர்கள், அது தீர்ப்பு. காதில் விழுந்த சொல் அப்படியே ஒரு பத்தியில், ‘நான் எடுத்துக்கொண்ட அர்த்தம்’ அடுத்த பத்தியில். இரண்டு வாரம் எழுதினால் ஒரே ஐந்தாறு சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அவற்றை மாற்றினால் போதும்.

எல்லைலேப்:

ரொம்ப நன்றிங்க. ‘பேரு, வயசு’ன்னு இறக்கிக் கேக்கறது நூத்துக்கு நூறு எங்க கவுண்டர்தான். புத்தகத்தை நாளைக்கே ரெண்டு பத்தி ஆக்கிடறேன்.

ஒரு சந்தேகம். வெறும் வயித்துக் குறிப்பை ரெண்டு பாஷையிலயும் அட்டையா அடிச்சுக் குடுக்கலாம்னு இருக்கேன். ‘ராவிலெ’ குழப்பம் வராம இருக்க காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா படம் போட்டா சரியா?

மாத்திரைப்பெட்டி:

நிலா சரி. சூரியன் வேண்டாம். மலைக்கு நடுவில் பாதிச் சூரியன் போட்டால் உதயமா அஸ்தமனமா என்று பார்ப்பவர் இஷ்டம், முழுச் சூரியன் போட்டால் நடுப்பகல் என்பார்கள். கடிகார முள் படமும் வேண்டாம், 7-ஐயும் 5-ஐயும் மாற்றிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய எண்ணில் ‘7’, பக்கத்தில் தமிழில் ‘காலை’, மலையாளத்தில் ‘ராவிலெ’ அவர்கள் எழுத்திலேயே. தமிழ் எழுத்தில் ‘ராவிலெ’ எங்கும் வரக்கூடாது. அட்டையின் கீழே ஒரு டம்ளர் படம், உள்ளே நீல நிறம், பக்கத்தில் சரி குறி. டீ கிளாஸ் படம் போட்டுக் குறுக்கே கோடு. கிளாஸ் நம் டீக்கடைக் கண்ணாடி கிளாஸாக இருக்கட்டும். கைப்பிடி வைத்த கப் போட்டால் ‘காபிதானே கூடாது’ என்று டீ குடித்துவிட்டு வருவார்கள்.

கொடுக்கும்போது அந்த 7-ஐப் பேனாவால் சுழித்துக் கொடுங்கள். அச்சடித்ததைவிட, தன் கண் முன்னால் சுழித்ததைத்தான் ஜனங்கள் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள்.